மேல் லீக்குக்கு வைத்த நேர்த்தி

ஆட்டம் முடிந்து விசில் ஊதிய பிறகும் அத்தான் உடனே வெளிக்கிட மாட்டார். மைதானத்தைச் சுற்றியுள்ள இரும்புக் கம்பியில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, வென்றவர்கள் கட்டிப்பிடிப்பதையும் தோற்றவர்கள் தலை குனிந்து போவதையும் ஆறுதலாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் நான் குளிரில் விறைத்துப்போய், "அத்தான், பஸ் போகப்போகுது" என்று அரித்துக்கொண்டிருப்பேன். "பொறு பிள்ளை, மற்ற இடங்களில என்ன நடந்ததெண்டு அறிஞ்சுகொண்டு போவம்" என்பார். நாங்கள் இருக்கிற தென் லண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில், ரயில் பாதையோரமாக இருக்கிற சின்ன மைதானம் அது. அங்கே ஆடுகிற கழகத்தின் பெயரைச் சொன்னால் லண்டனிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் வருகிற பெரிய கழகங்களுக்கும் அதற்கும் நடுவில் எத்தனையோ படிகள். அத்தானுக்கு அதுதான் உலகக் கிண்ணம்.

அத்தான் என் அக்காவின் கணவர். மன்னார்க் கரையில் பிறந்து, ஜேர்மனிக்குப் போய் அங்கே உணவகச் சமையலறைகளில் வருடக்கணக்காக நின்று, பிறகு மகன் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று குடும்பத்தோடு லண்டன் வந்தவர். இங்கே குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. அந்த வேலையில் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துபோனதால், கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது அவர் மட்டும் வாங்கில் இருப்பார். "கிழமை முழுக்க ஊராற்ற குளியலறையில முழந்தாளில நிண்டிருக்கிறன். ஆண்டவர் அதைக் கணக்கில எடுப்பார்" என்பது அவருடைய நியாயம். அக்காவுக்குச் சனிக்கிழமைகளில் சூப்பர் மார்க்கெட்டில் ஷிப்ட். மகன் அமெரிக்கா போனபின் மைதானத்தில் அத்தானுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் இல்லாமல் போக, அந்தப் பதவி எனக்கு வந்தது. உதைபந்தாட்டத்தைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்திருந்தது, பந்து உருண்டையானது என்பது மட்டும்தான்.

லீக் என்றால் என்ன என்பதை அவர்தான் எனக்கு விளங்கவைத்தார். ஒவ்வொரு வருடமும் முதலில் வருகிறவர்கள் ஒரு படி மேலே ஏறுவார்கள், கடைசியில் வருகிறவர்கள் ஒரு படி கீழே இறங்குவார்கள். இந்த ரயில் பாதையோரக் கழகம்கூட வருடாவருடம் வென்றுகொண்டே போனால் ஒருநாள் இங்கிலாந்தின் உச்சி லீக்கில் நிற்கலாம். நடக்கப்போவதில்லை, ஆனால் நடக்கக்கூடாது என்று தடுக்கிற கதவு ஒன்றும் இல்லை. "இந்த நாட்டில எனக்கு முழுசா விளங்கின சட்டம் இது ஒண்டுதான் பிள்ளை" என்பார். "வெண்டா மேல, தோத்தாக் கீழ. நீ ஆர், எங்கயிருந்து வந்தனீ, கொப்பர் ஆர் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை." மனிதர் இரண்டு நாட்டு விசா அலுவலகங்களிலும் அந்தக் கேள்விகளுக்கே பதில் சொல்லிச் சொல்லிக் களைத்தவர். அவர் அந்தச் சட்டத்தின்மேல் வைத்திருந்த பக்தி எனக்கு அதிசயமாக இருக்கவில்லை.

அவருடைய ஒரே மகன், என் பெறாமகன், கெட்டிக்காரப் பந்தாட்டக்காரன். இடது பக்கப் பின்வரிசையில் ஆடுவான். லண்டனில் ஒரு பெரிய கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்து, பதினெட்டாவது வயதில் 'உயரம் காணாது' என்று வெளியே விடப்பட்டவன். அழுது முடித்து, உதவித்தொகை எடுத்துக்கொண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போனான். படிப்பு முடிந்ததும் ஆற்றங்கரை நகரம் ஒன்றில் இருந்த தொழில்முறைக் கழகம் அவனை எடுத்தது. அந்த நாட்டின் இரண்டாம் லீக். பெரிய காசு இல்லை. மூன்று ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்துகொண்டு, காலையில் பயிற்சி செய்து, பின்னேரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கினார்கள். இருந்தாலும் அவனுடைய பெயர் முதுகில் எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு அந்நியச் சனங்கள் கைதட்டுவதை அத்தான் கணினியில் பார்த்தார். அந்த முதல் நாள் அவர் ஒரு வாய் சோறும் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

அத்தான் நேர்த்தி வைத்தது அந்த வருடம்தான். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்குத் தமிழ்ப் பூசை நடக்கும். கேட்டது கிடைத்தால் பேக்கரியில் பாண் ரொட்டி வாங்கி, பங்குச் சுவாமியிடம் ஆசீர்வாதம் பெற்று, வந்திருக்கிற எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம். பாஸ்போர்ட் வந்தால் பாண், பிள்ளை பிறந்தால் பாண், வீட்டுக் கடன் சரிவந்தாலும் பாண். அத்தான் அந்தோனியார் சுரூபத்தின் காலைத் தொட்டு, 'மகன்ர டீம் மேல் லீக்குக்குப் போனால் பங்கு முழுக்கப் பாண்' என்று கேட்டுவிட்டு வந்தார். அக்கா சண்டைக்குப் போனாள். "டீமுக்கு ஏன் கேட்டனீங்கள்? எங்கட பிள்ளைக்கெண்டு கேட்டிருக்கலாமே?" அதற்கு அவர், "தனக்கெண்டு மட்டும் கேக்கிறது வடிவில்லையப்பா. அவனோட ஆடுற பெடியளுக்கும் தாய் தகப்பன் இருக்கினம்தானே" என்றார். எனக்கு நேர்த்திகளில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது வருடம் அந்த டீம் பிடித்த பிடியில் எல்லோரையும் வென்றது. எல்லா லீக்குகளும் கலந்து ஆடுகிற கிண்ணப் போட்டி ஒன்றில், மேல் லீக்கின் கழகம் ஒன்றைத் தங்கள் மைதானத்துக்கு வரவைத்து மண் கவ்வவைத்தார்கள். வருடக் கடைசியில் இரண்டாம் லீக்கின் வெற்றிக் கிண்ணத்தையும் எடுத்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது நான் வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தேன். அத்தான் தொலைபேசியில், "பிள்ளை, மேல போட்டம்! மேல போட்டம்!" என்று கத்தியது பக்கத்துச் சீட்டில் இருந்த வெள்ளைக்காரருக்கும் விளங்கியிருக்கும். அன்றைக்கே பேக்கரிக்குச் சொல்லி, சுவாமிக்குச் சொல்லி, தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். மகனுக்கு மட்டும் பின்னேரம்தான் எடுத்தார். நான் அப்போது அவர்கள் வீட்டுக் குசினியில் அக்காவுக்குச் சமைக்க உதவிக்கொண்டிருந்தேன். தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது.

பெறாமகன் பேசுவது ஆங்கிலம். 'அப்பா', 'சித்தி' என்று கூப்பிடுவது மட்டும்தான் தமிழ். "மேல எங்க அப்பா?" என்று கேட்டான். அமெரிக்காவில் முதலில் வந்தவர்கள் மேலே போகிற வழக்கம் இல்லை, மேல் லீக் தனி, எங்கள் லீக் தனி, இந்த வருடம் வென்றாலும் அடுத்த வருடம் இதே லீக்தான் என்று மெல்ல மெல்லச் சொன்னான். மேல் லீக்கில் இடம் வேண்டுமென்றால் பெரும் பணக்காரர்கள் சேர்ந்து, நகரத்தின் பெயரில் விண்ணப்பித்து, அந்த இடத்தை விலை கொடுத்து வாங்கவேண்டும். மேலே கடைசியாக வருகிறவர்களும் அங்கேயேதான் இருப்பார்கள். அத்தான் தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தார். பிறகு, "நீங்கள் அவையளை வெண்டனீங்கள்தானே? கிண்ணத்தில வெண்டனீங்கள்தானே?" என்றார். "ஓம் அப்பா, வென்றோம். அது வேற." "அப்ப என்னத்துக்கடா விளையாடுறியள்?" அக்கா வந்து ஸ்பீக்கரை நிற்பாட்டினாள்.

பாணை வேண்டாம் என்று சொல்ல அத்தான் பட்ட பாட்டைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "அந்தோனியாருக்கு அமெரிக்கச் சட்டம் தெரியாது போல அத்தான்" என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இது ஏஜென்சிக்குக் காசு கட்டிக் கனடா போற கதை மாதிரியெல்லோ இருக்கு. கட்டினவன் போவான், ஓடத் தெரிஞ்சவன் கரையில நிப்பான்" என்றார். நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்த பெறாமகன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே ஒரு கழகம் கீழே விழுந்தால் என்ன நடக்கிறது என்று கேட்டான். சம்பளம் கொடுக்க முடியாமல், ஆட்டக்காரரையும் அலுவலகத்தில் இருக்கிறவர்களையும் புல் வெட்டுகிறவரையும் அனுப்பிவிட்டுக் கடன்பட்டு மூடிய கழகங்கள் எத்தனை? அமெரிக்காவில் ஒரு கெட்ட வருடம் வந்தால் அது ஒரு கெட்ட வருடம் மட்டும்தான், அடுத்த வருடம் திரும்ப ஆடலாம் என்றான். அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது. எங்கள் ரயில் பாதையோரக் கழகம் ஒருமுறை கீழே இறங்கியபோது தேநீர்க் கடை நடத்திய பெண்ணின் வேலை போனதை நான் பார்த்தவள். நான் அன்றைக்கு இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது பங்கு இளைஞர்கள் அத்தானைச் சூழ்ந்துகொண்டார்கள். கையில் தொலைபேசி. பெறாமகனின் நகரத்துக்கு மேல் லீக்கில் இடம் கிடைத்துவிட்டது. பணக்காரர்கள் சேர்ந்து வாங்கிவிட்டார்கள். கழகத்தின் அதே பெயர், அதே நிறம், புது மைதானம். சுவாமி அடுத்த செவ்வாய்ப் பூசையிலேயே பீடத்தில் நின்று அறிவித்தார், சனம் கைதட்டியது. அத்தான் எழும்பி நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். "பாத்தியா பிள்ளை, அவருக்குச் சட்டம் தெரியும், ஆள் கொஞ்சம் ஆறுதலாச் செய்யிறவர்" என்று என் பழைய பகிடியைத் திருப்பித் தந்தார். அதற்கடுத்த செவ்வாய்க்குப் பாண் சொல்லியாகிவிட்டது. அந்தக் கிழமை முழுக்க அவர் வேலையில் பாட்டுப் பாடினாராம், டைல்ஸ் பதித்த வீட்டுக்காரர்கள் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பெறாமகன் என்னைக் கூப்பிட்டான். தாயையோ தகப்பனையோ கூப்பிடவில்லை, என்னை. புது மேல் லீக்குக் கழகம் பழைய கழகத்தின் பெயரை எடுத்துக்கொள்கிறதாம், பழைய கழகம் இந்தப் பருவத்தோடு கலைகிறதாம். ஆட்டக்காரர்களைப் புதிதாகச் சேர்க்கிறார்கள். பழைய டீமில் இரண்டு பேரைத்தான் கொண்டுபோகிறார்கள், அவன் அதில் இல்லை. மேல் லீக்கில் வெளிநாட்டுக்காரருக்கு இத்தனை இடம்தான் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த இடங்களுக்குப் பெரிய பெயர்க்காரர்கள் வருகிறார்கள். விசா கழகத்தோடு பிணைந்தது, ஒப்பந்தம் முடிந்தால் அதுவும் முடிந்தது. இவ்வளவையும் அழாமல் சொல்லிவிட்டு, "சித்தி, அப்பாவிடம் நீங்கள் சொல்லுங்கள்" என்றபோதுதான் அவன் குரல் உடைந்தது. மூன்று வருடத்துக்கு மேல் அந்தப் பெயருக்காக ஓடியவன். அந்தப் பெயரைத்தான் அவர்கள் விலைக்கு வாங்கினார்கள்.

சனிக்கிழமை மைதானத்தில், இடைவேளையில் சொன்னேன். வீட்டில் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தான் கடதாசிக் கோப்பையில் தேநீரை வைத்துக்கொண்டு, எங்கள் கோல் காப்பாளரைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லத் தொடங்கியதும் திட்டுவதை நிறுத்தினார். நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார்.

"பேர் மேல போகுதோ?"

"ஓம் அத்தான்."

"அதே சட்டையோ? அதே நிறமோ?"

"ஓம்."

"ஆக்கள்?"

நான் மைதானத்தின் பக்கம் திரும்பினேன். அவர் தலையை ஆட்டினார். "இவனை ஏன் வெளிநாட்டுக் கணக்கில வைச்சவையாம்? இவன் எந்த நாட்டுக்காரனாம்?" பிரிட்டிஷ்காரன் என்றேன். "அங்க போனாத்தான் நாங்கள் பிரிட்டிஷ் ஆகிறம் போல" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் கீழே ஊற்றினார். இரண்டாம் பாதி முழுக்க அவர் வாயே திறக்கவில்லை. வழக்கமாக அவரிடம் பேச்சு வாங்குகிற லைன்ஸ்மன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

அக்கா பாணை நிற்பாட்டச் சொன்னாள். அழுதழுது சொன்னாள். எங்கள் பிள்ளையை வீதியில் விட்டவர்களுக்காக நாங்கள் பங்குக்கு விருந்து வைப்பதா என்று கேட்டாள். எனக்கும் அது சரியென்றே பட்டது, நானும் சேர்ந்து சொன்னேன். அத்தான் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "நான் என்ன கேட்டனான்? டீம் மேல போகவேணும் எண்டுதானே கேட்டனான். போட்டுது. குடுக்கிறதாச் சொன்னதைக் குடுக்கத்தான் வேணும்" என்றார். "உங்களுக்கு அவரில கோவமே இல்லையோ?" என்று கேட்டேன். "இருக்கு. அது எனக்கும் அவருக்கும் இடையில. பாண் வேற."

செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் பேக்கரிப் பெட்டிகள் மேசை நிறைய இருந்தன. சுவாமி ஆசீர்வதித்து முடிந்ததும் அத்தான் தானே நின்று கொடுத்தார். அக்கா வரவில்லை. நான் பெட்டிகளைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சனம் வரிசையில் வந்து கைகொடுத்து, தோளில் தட்டி வாழ்த்தியது. அவர் பொய் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லியிருந்தால் நான் குறை நினைத்திருக்கவும் மாட்டேன். வரிசையின் தொடக்கத்திலேயே பாடகர் குழுவில் ஓர்கன் வாசிக்கிறவர், "அண்ணை, மகன் மேல் லீக்கில எப்ப இறங்கிறார்? நாங்களும் பாக்கவேணும்" என்று கேட்டார். அத்தான் அவருடைய கையில் பாணை வைத்து, "அவன் இறங்கேல்லைத் தம்பி. டீம்தான் போகுது. அவனை எடுக்கேல்லை. வீட்டை வாறான்" என்றார். அந்த மனிதருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டது. இருந்தும் விஷயம் தெரியாமல் கேட்டவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அதே குரலில் அதே பதிலைச் சொன்னார். யாரிடமும் கண்ணைத் தாழ்த்தவில்லை. கடைசியில் வந்த சுவாமி ஒன்றும் கேட்காமல், பாணைப் பிய்த்து அங்கேயே நின்று சாப்பிட்டார். அத்தானைப் போல ஒரு மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இதை அவர் இருக்கும்போது அவரிடம் சொல்லியிருந்தால், "விசர்க் கதை கதையாதை பிள்ளை" என்றிருப்பார்.

பெறாமகன் வீட்டுக்கு வந்து சில மாதம் அறைக்குள்ளேயே கிடந்தான். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராகச் சேர்ந்தான். கால் சும்மா இருக்கவில்லை. அடுத்த பருவத்திலேயே எங்கள் ரயில் பாதையோரக் கழகத்துக்கு ஆடப் போய்விட்டான். அத்தானுக்கு அதில் பெருமையா கவலையா என்று என்னால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. மகனுடைய காதில் விழும்படி லைன்ஸ்மனைத் திட்டக் கிடைத்ததில் சந்தோஷம் என்பது மட்டும் உறுதி. அமெரிக்காவில் அந்தப் புதுக் கழகம் நன்றாகத்தான் ஆடுகிறது. மைதானம் நிறைகிறதாம். அத்தான் அதைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சனத்துக்கு நல்ல ஆட்டம் கிடைக்கிறதென்றால் நல்லதுதானே என்பார். ஆனால் அவர்களுடைய ஆட்டத்தைப் பார்க்கவும் இல்லை. போன வருடம் மாரியில், ஒரு வீட்டில் வேலை முடித்து வந்து கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை.

நான் இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். பந்து உருண்டை என்பதற்கு மேல் கொஞ்சம் தெரியும். இந்தச் சித்திரையில் பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் இருக்கிற படியில் இருக்கலாம், இல்லாவிட்டால் கீழே இறங்கவேண்டும். கடைசி நிமிடம்வரை சமநிலையில் நின்றது, அப்படியே முடிந்தது. எங்கள் ஆட்டக்காரர்கள் புல்லில் அங்கங்கே குந்திவிட்டார்கள். வயதான ஒரு வெள்ளைக்காரர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். ஒருவரும் வெளியே போகவில்லை. நானும் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

பெறாமகன் சேறு அப்பிய சட்டையோடு என்னிடம் வந்தான். முப்பது வயது தாண்டிவிட்டது, முன்பக்கத்து மயிர் கொட்டத் தொடங்கிவிட்டது. கண் சிவந்திருந்தது. "சித்தி, கீழே போகிறோம்" என்றான் ஆங்கிலத்தில். வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நீயும் போறியோ?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். பிறகு திரும்பி, புல்லில் இருந்தவர்களைப் பார்த்தான். கோல் காப்பாளர் இன்னும் எழும்பாமல் கிடந்தார், இரண்டு பேர் அவரைக் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஓம் சித்தி, நானும்தான்" என்றான் தமிழிலேயே. "எல்லாரும்தான் போறம்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களிடம் ஓடினான். அவர்கள் எல்லோரும் உள்ளே போய் முடியும்வரை நான் கைதட்டிக்கொண்டு நின்றேன்.